கொக்கி எட்டாத பாவாடை

பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வரை, செத்துப்போன ஒரு பெண்ணின் அளவுப் பாவாடையை வருடத்துக்கு ஒருமுறை உடுத்தினேன். ஒவ்வொரு வருடமும் அது எனக்குச் சரியாக இருந்தது. அதுதான் பிரச்சினை.

இந்த பக்தி குரூப்பில் நான் குட்மார்னிங் கூடப் போட்டதில்லை. இன்று நீளமாகப் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கன்னித் தெய்வம் எனக்குச் செய்ததைச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது.

எங்கள் ஊர் ஆவுடையார்கோவில் பக்கம். தாத்தாவின் தங்கை பொன்னாத்தா, வயதுக்கு வருவதற்கு முன்பே பதின்மூன்றில் காய்ச்சலில் இறந்தாள். அதனால் அவள் எங்களுக்குத் தெய்வம். அவளுடைய ஓலைப்பெட்டி சாமி அறை விட்டத்தில் தொங்கும். தை மாதக் கடைசி வெள்ளியன்று அவள் அளவிலேயே புதுப் பாவாடை தைத்துப் படைப்போம். வயதுக்கு வராத பெண்பிள்ளை ஒருத்தி அதை உடுத்திப் பெட்டிக்கு முன்னால் உட்கார வேண்டும். வழக்கமாக ஒருத்திக்கு இரண்டு மூன்று வருடம்தான் அந்த டியூட்டி.

எனக்கு முடியவே இல்லை. பத்தாவது படிக்கும்போது இடுப்புக் கொக்கி எங்கே மாட்டியதோ, பிளஸ் டூவிலும் அங்கேயே மாட்டியது. கூடப் படித்த எல்லோரும் வயதுக்கு வந்தாயிற்று. அம்மா ஆஸ்பத்திரி என்றாள். பெரியப்பா விடவில்லை.

"இவளுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? பொன்னாத்தா உள்ள வந்து ஒக்காந்துருக்கா. யாருக்குக் கெடைக்கும் இந்தப் பாக்கியம்?"

அன்றிலிருந்து வீட்டில் யாரும் என்னை வாடி போடி என்று கூப்பிடவில்லை. பெரியப்பாவே "வாங்க ஆத்தா" என்றார். எலுமிச்சம்பழத்தோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஓர் அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள பொழச்சுக்குவானா ஆத்தா?" என்றது. மறுநாள் எனக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட். நான் என்ன சொல்ல? பரீட்சை முடிந்ததும் படிப்பை நிறுத்தி, கொல்லையில் கோயில் கட்டி என்னை அதில் உட்கார வைப்பதாக முடிவானது. அப்பா தலையாட்டினார். கண்ணாடி பார்ப்பதையே விட்டேன். அதிலிருந்து அவள் பார்க்கிற மாதிரி இருக்கும்.

அந்தத் தை வெள்ளி வந்தது. எனக்குப் பதினேழு. கொக்கி அதே இடம். கண்ணை மூடி மனசுக்குள் பேசினேன்.

"இந்தா பாரு பொன்னாத்தா. நீ வாழாமப் போனதுக்கு எனக்கும் அழுகையா வருது. அதுக்காக என்னையும் பதிமூணுலயே நிறுத்திப்புடாத. நான் காலேஜ் போகணும். எனக்கு என்ன கொறைன்னு யாருக்காச்சும் காட்டிக் குடு."

அவ்வளவுதான் என் வேண்டுதல். மந்திரமெல்லாம் தெரியாது.

பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அறிவேன். ஜன்னல் சாத்தியிருந்தது. விளக்குச் சுடர் ஆடவில்லை. சூடத்தட்டை யாரும் தொடவில்லை. ஆனாலும் எரிந்துகொண்டிருந்த சூடம் ஒன்று தட்டை விட்டு உருண்டு என் பாவாடை ஓரத்தில் நின்றது. துணி கருகிப் புகைந்தது. நான் அசையவில்லை. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று எல்லோரும் கும்பிட்டார்கள்.

மாமா பொண்டாட்டி மட்டும் கும்பிடவில்லை. அத்தைக்குக் கட்டுமாவடியில் மீன் வியாபாரம். பானகச் செம்பைத் தூக்கி என் மேல் கவிழ்த்தாள்.

"ஏன்டி, இம்புட்டு நாத்தம் அடிக்குது, ஒனக்கு மூக்குல ஏறலையா?"

"என்ன நாத்தம் அத்த?"

"தெய்வத்துக்கிட்ட கேக்குற கேள்வியா இது?" என்றார் பெரியப்பா.

"செத்த சும்மா இருங்கண்ணே. எம்மீன் கூடைக்குப் பக்கத்துல மூக்கப் பொத்தாம சோறு தின்னவ இவ ஒருத்திதான். எம்மேல உள்ள பாசம்னுல்ல நெனச்சேன்."

வாசனை என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். மல்லிகை மணக்குது என்பார்கள். ஒரு மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து நானும் ஆமாம் போடுவேன்.

மறுவாரமே அத்தை என்னையும் அம்மாவையும் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், கைக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இந்த எலும்புக்கு வயசு பதிமூணும்மா" என்றார். அம்மா என் கையை இறுக்கினாள்.

அத்தை மூக்கு விஷயத்தைச் சொன்னாள். டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லி, மூக்கருகில் காப்பித்தூளை நீட்டினார். எனக்கு ஒன்றும் வரவில்லை.

"வாசனை நரம்பும், வயசுக்கு வரச் சொல்லி மூளையில சிக்னல் குடுக்குற செல்லும் கருவுல ஒரே பாதையில வளரணும். ஒங்க பொண்ணுக்கு அது வளரலை. மாத்திரை எடுத்தா ஒடம்பு வளரும். இந்தத் துப்பு கெடச்சது ரொம்ப நல்லதாப் போச்சு."

துப்பு யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

"மாத்திர பெருசா, ஆத்தா பெருசா?" என்று வீட்டில் பெரியப்பா மறித்தார்.

"ஆத்தாதான் பெரியப்பா காட்டிக் குடுத்தா. ஒங்களுக்குத் தெரியல, அத்தைக்குத் தெரிஞ்சிருச்சு."

அவர் விலகி வழி விட்டார். அடுத்த முறை என்னை "வாடி" என்று கூப்பிட்டபோது ஓடிப்போய் நின்றேன்.

இரண்டு வருடம் மாத்திரை. போன வருடம் வயதுக்கு வந்தேன். மாமா பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டினார். "மாத்திரையில வந்தா என்ன, மாமன் சீரு மாமன் சீருதான்" என்றாள் அத்தை. இப்போது காலேஜ் மூன்றாம் வருடம். மாத்திரை தொடர்கிறது. வாசனை மட்டும் வரவே வராதாம். பரவாயில்லை.

இந்தத் தையில் ஆசைக்குப் புதுப் பாவாடையை இடுப்பில் வைத்துப் பார்த்தேன். நாலு விரல் இடைவெளி. கொக்கி எட்டவில்லை. அம்மா அழுதுவிட்டாள். அதைச் சித்தப்பா மகளிடம் கொடுக்கும் முன் சாம்பிராணியை அவள் மூக்கருகில் காட்டி, "என்ன வருது?" என்றேன்.

"சாம்பிராணிக்கா. இதுகூடத் தெரியாதா?"

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை வளராமல் அப்படியே நின்றால் சாமியிடம் கேளுங்கள். கட்டாயம் வழி காட்டும். காட்டிய பிறகு கும்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்காதீர்கள், எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கருகிய பாவாடையை அந்தப் பெட்டியில்தான் வைத்திருக்கிறோம். சில நாள் காற்றில்லாமலே பெட்டி ஆடும். அவளுக்கு இன்னும் பதின்மூன்றுதான். எனக்கு இருபது. இப்போதெல்லாம் நான் அவளை வாடி என்றுதான் கூப்பிடுகிறேன்.