பின்சந்தில் வீசிய சூடு

டுரியான் துங்காலில் நாங்கள் குடியேறிய தாமான் குடியிருப்பு, முன்பு ரப்பர் பால்மரக்காடாக இருந்த இடம். என் அம்மா அங்கேதான் மரம் சீவினார். தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்து, வரிசை வரிசையாக வீடு கட்டினார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் மத்தியானத்திலும் ஒரு குளுமை இருக்கும். தாமானில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. காலை பத்து மணிக்கே கூரை கொதிக்கும்.

எனக்கு அப்போது எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போகிற சின்னச் சின்ன சிப்புகளில் கீறல் இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது வேலை. உள்ளே ஸ்வெட்டர் போட்டிருந்தாலும் விரல் விறைக்கும். அந்தக் குளிர் சிப்புக்காக, எங்களுக்காக அல்ல. ஆனாலும் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. காலையில் வீட்டுக்கு வந்து படுத்தால் வேர்வையில் தலையணை நனையும், தூக்கம் வராது. லோரி ஓட்டும் என் கணவர் ஒருநாள், "ஏர்கோன் போட்டுடுவோம்லா. இப்படியே போனா நீ படுத்துக்குவ" என்றார்.

எங்கள் வரிசையில் முதல் ஏர்கோன் எங்களுடையது. அதன் வெளிப்பெட்டியைப் பின்சுவரில் மாட்டினார்கள். பின்னால் குறுகலான சந்து. அதற்கு அந்தப் பக்கம், எங்களைப் பார்த்தபடி இன்னொரு வீட்டின் அடுப்படி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அங்கிளும் அவர் மனைவியும் அங்கே இருந்தார்கள். அங்கிளுக்கு ஆஸ்துமா. முன்வாசலில் வெயில் அடிக்கும் என்பதால் பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். எங்கள் பெட்டியின் சூடான காற்று நேராக அங்கேதான் போனது.

அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். பிறகு உள்ளே எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து ஆண்ட்டிதான் வந்தார்.

"பிள்ள, தப்பா எடுத்துக்காத. அந்தப் பெட்டிய கொஞ்சம் மேல தூக்கி மாட்ட முடியுமா? அடுப்படில நிக்க முடியல. அங்கிளுக்கும் மூச்சு முட்டுது."

பாதித் தூக்கத்தில் எழுந்து வந்த எரிச்சல் எனக்கு. "ஆள் வந்து மாட்டிட்டுப் போனது ஆண்ட்டி, எனக்கு என்ன தெரியும்? ராத்திரி பூரா வேலை. பகல்லதானே நான் தூங்க முடியும்?"

"சரிம்மா, நீ தூங்கு" என்று போய்விட்டார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் மறந்திருப்பேன்.

அடுத்த வருஷம் பெரிய புகைமூட்டம் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் எண்ணெய்க்குச் செம்பனை நடக் காட்டை எரிக்கிறார்கள் என்றார்கள். வாரக்கணக்கில் மழை இல்லை. எதிர்வீடு மங்கலாகத் தெரிந்தது. எல்லோரும் ஜன்னலை இறுக்கி மூடினோம். நான் ஏர்கோனை நிறுத்தவே இல்லை.

ஒரு மத்தியானம் ஆண்ட்டி மறுபடி வந்தார், மூக்கில் துணி கட்டிக்கொண்டு.

"அங்கிளுக்கு ரொம்ப முடியல பிள்ள. வீடு அடுப்பு மாதிரி இருக்கு, கதவத் திறந்தா புகை. மத்தியானம் ரெண்டு மணி நேரம் மட்டும் உன் ரூம்ல உட்கார வைக்கலாமா? ஓரமா இருப்பாரு. பேசக்கூட மாட்டாரு."

ஏர்கோன் இருந்தது ஒரே அறையில், நான் தூங்குகிற அறையில். "வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன் ஆண்ட்டி" என்றேன். நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் 'கூட்டிட்டு வா' என்றுதான் சொல்லியிருப்பார். ஹாலில் பாய் விரித்து நான் படுத்திருக்கலாம். இரண்டு மணி நேரம்தானே.

மூன்றாம் நாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது அங்கிளை டாக்சியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெம்பானில் இருந்த மகள் வீட்டுக்குப் போகிறார்களாம். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் அருகே போகவில்லை. மழை வந்து புகை அடங்கிய பிறகு, அவர் தவறிவிட்டதாகச் செய்தி வந்தது.

துக்கத்துக்குப் பெம்பானுக்குப் போனேன். ஆண்ட்டி என் கையைப் பிடித்து, "வேலை முடிஞ்சு நேரா வர்றியா? சாப்பிட்டியா?" என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த வாரமே ஆளைக் கூப்பிட்டுப் பெட்டியை உயரத்தில் மாட்டச் சொன்னேன். அரை மணி நேர வேலை. எதிரே ஆண்ட்டியின் வீடு பூட்டிக் கிடந்தது.

பிறகு அந்த வீட்டுக்கு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அவர்களும் ஏர்கோன் போட்டார்கள். அதற்குள் சந்தில் ஏழெட்டுப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. துணி உலர்த்தக்கூட யாரும் பின்பக்கம் நிற்பதில்லை. அந்தப் பெண் கைக்குழந்தையோடு வந்து கேட்டாள்: "அக்கா, எங்க சூடு உங்க பக்கம் வருதா?"

"பரவாயில்லம்மா" என்றேன். ஆண்ட்டி என்னிடம் கேட்டதை இவளிடம் நான் எந்த முகத்தோடு கேட்பேன்?