கோழிக்கு ஆறு பல்

வீட்டில் கோழி சமைத்தால் போதும், கிண்ணமும் கையுமாகப் பேத்தி நம் தோளருகே வந்து நின்றுவிடுவாள். "மூட்டக் கடிக்காதீங்க. சதைய மட்டும் தின்னுட்டுக் குடுங்க." வாயில் போட்டதை வெளியே எடுக்கும்வரை நகரமாட்டாள். வயது பதினொன்று. எங்கள் வீட்டில் எலும்பை உறிஞ்சித் தின்கிற சுகம் போய் எட்டு மாதமாகிறது.

சேர்ந்த எலும்புகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, சன்னல் விளிம்பில் காயவைப்பாள். அவற்றை ஒட்டி ஒட்டித்தான் அவளுடைய டைனோசர் வளர்ந்தது. கழுத்துக்கு மட்டும் மூன்று கோழி. தலை களிமண். தூசி தட்டப் போனால், "அது இடுப்பு, தொடாதீங்க." குப்பை என்று வாரப் போனால், "கோழியே டைனோசர்தான் பாட்டி. அதுக்குத் தெரியாது, அவ்ளோதான்."

சின்ன வயதில் நான் ஒரு டைனோசர் முதுகில் ஏறிப் பள்ளிக்கூடம் போன கதையைச் சொன்னேன். வேறு எந்தப் பிள்ளையும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கும். இவள், "உங்களுக்கும் அதுக்கும் நடுவுல ஆறரைக் கோடி வருஷம் இருக்கு. வேணும்னா மாமூத் யானைன்னு மாத்திக்குங்க, கொஞ்சம் கிட்ட வரும்" என்றாள். ஒரு பொய்யை நிம்மதியாகச் சொல்ல வழியில்லை.

இவளுடைய அம்மா, என் மருமகள், பல்செட் செய்கிறவள். பின்னறைதான் பட்டறை. போன வியாழக்கிழமை மாலை, பொருத்திப் பார்க்க ஒருவர் வந்திருந்தார்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வாய்மேல் கைக்குட்டை. மருமகள் பல்செட் டப்பாவின் மூடியைத் திறந்தால், மெழுகில் பதித்து வைத்திருந்த வரிசையில் முன்பற்கள் ஆறையும் காணோம்.

"அத்தை, இந்த ரூமுக்குள்ள யாரு வந்தா?"

முந்தின நாளே டைனோசர் என்னைப் பார்த்து இளித்திருந்தது. கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன். "எலியாத்தான் இருக்கும். போன வாரங்கூட ஒண்ணு கண்ணாடி முன்னால நின்னு ஈறப் பாத்துக்கிட்டு இருந்துச்சு" என்றேன். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

"எலிக்கு எதுக்குப் பல்லு? அதுக்குத்தான் சாகற வரைக்கும் வளந்துக்கிட்டே இருக்குமே" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. தப்பான தகவலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க அவளால் ஆகாது, கையும் களவுமாக மாட்டிக்கொண்டாலும் சரி.

டைனோசரை, அது நின்ற அட்டையோடு தூக்கிக்கொண்டு அவளே வந்தாள். களிமண் தாடையில் ஆறு மனிதப் பற்கள், அவர் வயதுக்கென்று தேர்ந்தெடுத்த லேசான மஞ்சள். பல்லுக்குச் சொந்தக்காரரைப் பார்த்து அது சிரித்தது.

"கழட்டு" என்றாள் அம்மா.

"நாளைக்கு ஸ்கூல்ல கண்காட்சிம்மா. பல்லு இல்லேன்னா இது வெறும் கோழி. எல்லாரும் கோழின்னுதான் சொல்லுவாங்க."

தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்தார். "எனக்கும் அந்தக் கதிதான் கண்ணு. திங்கக்கிழம மேடையில பேசணும். இந்த வாயோட போய் நின்னா எவன் என்னைய வாத்தியார்னு சொல்லுவான்?"

அவருடைய பொக்கை வாயை அவள் குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தாள். இரக்கமா ஆராய்ச்சியா, சொல்வதற்கில்லை. "மொதல்ல விழுந்தது எது, மேல் வரிசையா கீழ் வரிசையா?" என்று விசாரணை வேறு. மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் பொறுப்பாக யோசித்து, "கீழ" என்றார்.

பிறகு அவளே இடுக்கியை எடுத்தாள். ஒவ்வொன்றாக ஆறையும் பிடுங்கி, களிமண் போகத் துடைத்து, இடம் வலம் மாறாமல் அம்மாவின் தட்டில் வைத்தாள். மேசைமேல் இருந்த பஞ்சில் கொஞ்சம் கிள்ளி டைனோசரின் காலி ஈறில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.