மாடத்தி கேட்ட உத்தரவு

குருவிகுளத்தை அடுத்த மானாவாரிக் கிராமம் ஒன்றில் மாடத்தி என்னும் கைம்பெண் நாற்பத்தெட்டுச் செம்மறியாடுகளைக் கொண்டு வாழ்ந்துவந்தாள். உழவர்களின் நிலத்தில் இரவில் ஆடுகளை அடைத்து உரம் சேர்ப்பதைக் கிடை போடுதல் என்பர். அதற்குக் கூலியாகக் கிடைக்கும் தானியமே அவளுடைய சோறு. அந்த ஆடுகள் போய்விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

1983ஆம் ஆண்டு பங்குனியிலேயே ஊர்க் கிணறுகள் வற்றிவிட்டன. எல்லாரும் மேற்கே, ராயகிரிப் பக்கத்துக் குளங்களை நம்பிப் புறப்பட்டார்கள். மாடத்தியும் மூட்டையைக் கட்டிவிட்டாள். ஆயினும், வெளியூருக்குக் கிடை கொண்டுபோகுமுன் சங்கரன்கோவில் கோமதியம்மன் சந்நிதியில் இரு நிறப் பூக்களைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, ஒன்றை எடுக்கவைத்து அம்மனிடம் உத்தரவு கேட்கும் பூக்கட்டிப் பார்த்தல் அந்தக் குடும்பத்தின் வழக்கம். வெள்ளைப் பூ வந்தால் மேற்கு. சிவப்புப் பூ வந்தால் கிழக்கு. கிழக்கே புல்லுமில்லை, நீருமில்லை. கேட்பதற்கு இரண்டு பொட்டலங்கள் வேண்டுமே என்பதற்காகவே அதைச் சேர்த்திருந்தார்கள்.

சந்நிதியில் நின்ற ஒரு சிறுமி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தை மாடத்தி பிரித்தாள். உள்ளே இருந்தது செவ்வரளி.

உடன் வந்திருந்த கொழுந்தன் உச்சிமாகாளி பதறினான். "மதினி, இன்னொருக்கா போட்டுப் பாரு. பிள்ளை தெரியாம எடுத்திருக்கும்."

"தெரியாம எடுக்கத்தானய்யா பிள்ளைய எடுக்கச் சொன்னோம்? பிடிச்ச பூ வாரவரைக்கும் போட்டுப் பார்த்தா, அது ஆத்தாகிட்ட கேக்கதா, இல்ல ஆத்தாளுக்கு நாம சொல்லுததா?"

"கெழக்கே போயி ஆடு எல்லாம் மண்ணைத் திங்கவா? நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்."

அவன் மேற்கே போனான். மாடத்தியுடன் நாத்தனார் சங்கரம்மாள் மட்டும், முணுமுணுத்துக்கொண்டே கிழக்கே நடந்தாள்.

முதல் நாள் வழியில் இருந்த ஊருணி வெடித்துக் கிடந்தது. இரண்டாம் நாள் கழுகுமலையைத் தாண்டுவதற்குள் ஓர் ஆடு விழுந்து இறந்தது. மாடத்தி ஒவ்வோர் ஆட்டின் வாயையும் தொட்டுப் பார்த்தாள். ஈரமே இல்லை. திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். திரும்பும் வழியிலும் நீர் இல்லை. "தாயே, நான் கேட்டது தப்பா, கேட்டபடி வந்தது தப்பா?" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

"ஆத்தா கெழக்கேன்னுதான் சொன்னா. எம்புட்டுத் தூரம்னு கேட்டியா மதினி?" என்றாள் சங்கரம்மாள்.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் இன்னோர் ஆடு கால் மடித்தது. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாடத்தி புழுதியில் அமர்ந்துவிட்டாள். அவள் மடியிலேயே அது உயிரைவிட்டது. அப்போது சைக்கிளில் வந்த ஒருவர் காலூன்றி நின்றார். சௌந்தரபாண்டியன் என்னும் உழவர் அவர்.

"ஏம்மா, இது யாரு கிடை?"

"எங்க கிடைதான் அண்ணாச்சி. ஒரு வாய்த் தண்ணி கிடைக்குமா?"

"தண்ணிக்கென்ன! புதுசா போர் போட்டிருக்கேன். அஞ்சு ஏக்கரும் வெறும் மண்ணாக் கெடக்கு. கிடை போட ஆள் தேடி இருபது நாளா அலையுதேன். எல்லாவனும் மேக்கே போயிட்டானுவ. இங்கனயே போடு. விதைப்பு வரைக்கும் இருந்தாலும் சரி, ஆட்டுக்குத் தட்டை நான் தாரேன்."

சங்கரம்மாள் வியப்பில் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் மாடத்தியின் அச்சம் நீங்கவில்லை. போர்க்கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தபோது தொட்டி காய்ந்திருந்தது, மின்சாரம் இல்லை.

"நாலு மணிக்கு வரும். சில நாள் வராமலும் போகும்," என்றார் அவர் தயங்கியபடி.

ஆடுகள் காய்ந்த தொட்டியை நக்கின. மாடத்தி மோட்டார் அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் மேக்கே போகையில நீ மட்டும் எப்படிம்மா இங்கன வந்தே? தண்ணி இருக்குன்னு யாரும் சொன்னாவளா?" என்று கேட்டார் உழவர்.

"தெரிஞ்சிருந்தா மூணு நாளா இப்படிப் பயந்து சாவேனா அண்ணாச்சி? போன்னு உத்தரவாச்சு. வந்தேன். அம்புட்டுத்தான்."

நாலரைக்கு அறைக்குள் மோட்டார் உறுமியது. குழாய் முதலில் காற்றைக் கக்கியது. பிறகு செம்மண் கலந்த நீரைக் கொட்டியது. நாற்பத்தாறு ஆடுகளும் முட்டி மோதின. கடைசி ஆடு தலையைத் தூக்கும்வரை மாடத்தி தொட்டியை நெருங்கவில்லை. பிறகுதான் இரு கைகளாலும் நீரை அள்ளினாள். ஒரு வாய் குடித்துவிட்டு, கிடை போட வேண்டிய நிலத்தை நோக்கி ஆடுகளை ஓட்டினாள்.