மூச்சை விட்டுட்டு நிறுத்துங்க

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. வருஷம், தேதியெல்லாம் மறந்தும் போகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மலாக்கா டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில், இதயத்தை ஸ்கேன் எடுக்கிற எக்கோ ரூமில் அட்டெண்டனாக இருந்தேன். பேஷண்டை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைப்பது, நெஞ்சில் வயர் ஒட்டுவது, ஜெல் துடைப்பது என் வேலை. தமிழ் மட்டும் தெரிந்தவர் வந்தால், டெக்னீஷியன் ரோஸ் அம்மா, மலாய் மரியாதைக்கு புவான் என்போம், மலாயில் சொல்வதை நான்தான் தமிழில் சொல்வேன்.

அப்போதுதான் ஸ்ட்ரெயின் பார்க்கிற புது மிஷின் வந்தது. இதயத்தின் வலது அறைச் சுவர் எவ்வளவு சுருங்குகிறது என்று கலர்க்கோடு போட்டு அளக்கும். சுருங்கினால் நீளம் குறையும், அதனால் நம்பர் மைனஸில் வரும். மைனஸ் இருபதைத் தாண்டினால் நல்லது என்பார் புவான்.

நியாலாஸ் பக்கத் தோட்டத்திலிருந்து பெருமாள் அண்ணன் வந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர். வால்வு ஆபரேஷனை வலது பக்கம் தாங்குமா என்று டாக்டர் கேட்டிருந்தார். தாங்காது என்றால் ஆபரேஷன் கிடையாது, மாத்திரைதான்.

"ஹெம்புஸ், லெப்பாஸ் இத்து தாஹான்," என்றார் புவான். மூச்சை வெளியே விட்டு, பிறகு நிறுத்த வேண்டும். வெளியே கூட்டம். அவசரத்தில் நான், "மூச்சைப் பிடிங்கண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்தார். மைனஸ் பதினொன்றுதான் வந்தது; அதை அனுப்பினால் ஆபரேஷன் கிடையாது. வார்டிலிருந்து போன் மேல் போன். புவான் அப்படியே சேவ் பண்ணிவிட்டு ரிப்போர்ட் டைப் செய்ய உட்கார்ந்தார்.

"எப்படி தங்கச்சி என் தம்? தோட்டத்துக்கு எக்ஸ்ரே லாரி வர்றப்பல்லாம் நான்தான் ஃபர்ஸ்ட்டுலா!" என்றார் அண்ணன்.

எக்ஸ்ரேக்கு அது சரி. எக்கோவில் காற்று நிறைந்த நுரையீரல் இதயத்தை மறைத்துவிடும். ஸ்கிரீனைப் பார்த்தேன். வலது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் புகைமூட்டம். கலர்க்கோடு மட்டும் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சொன்னால் என் தப்பு வெளியே வரும். படித்தவரிடம் போய் நான் என்ன சொல்வது? டிஷ்யூவைக் கசக்கிக்கொண்டு நின்றேன். அண்ணன் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே, "நல்லா வந்திருக்கா, தங்கச்சி?" என்று கேட்டார்.

"புவான், நான் தப்பாச் சொல்லிட்டேன். அவர் மூச்சை விடல. சுவரே தெரியல பாருங்க." முதல் தடவை போன் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

புவான் படத்தை ஓட்டிப் பார்த்தார். "அலாமாக், காக்! ஐயோ அக்கா, இதையே அனுப்பியிருப்பேன். திரும்பப் படுக்கச் சொல்லுங்க."

"இப்பத்தானே பட்டன் போட்டேன்," என்று அண்ணன் சலித்துக்கொண்டார்.

"கழட்டுங்கண்ணே. இப்ப மூச்சை விட்டுட்டு நிறுத்துங்க. உங்க வீரத்தையெல்லாம் எக்ஸ்ரே லாரியில வச்சுக்குங்க."

சுவர் தெளிவாக வந்தது. மைனஸ் இருபத்திரண்டு. ஆபரேஷனும் நடந்தது. அப்புறம் செக்கப்புக்கு வந்தபோது ஒரு பை ரம்புத்தான் பழத்தை நீட்டி, "தம் பிடிக்கவா, விடவா?" என்றார்.

படம் தெரியாவிட்டாலும் மிஷின் ஒரு நம்பர் கொடுக்கும். நான் கற்றது அதுதான். என் ஞாபகமும் அப்படித்தான், புகைக்குள்ளே எங்காவது கோடு போட்டிருப்பேன். எக்கோ தெரிந்தவர் யாராவது ஒருமுறை பார்த்துத் திருத்திவிடுங்கள்.