இரண்டு தரம் உடைத்த குசினிச் சுவர்

ரிப்கா என்ற பெயரைச் சனூஸா முதன்முதலில் கேட்டது கிண்ணியா மீன் சந்தையில். ஏழாம் நாள் பேர் வைக்க வேண்டிய பிள்ளை. மூன்றாம் நாளே பிள்ளையின் வாப்பா, சனூஸாவின் மச்சான் ஜெமீல், கையில் தூக்கிய பாரை மீனோடு, "பிள்ளைக்கு ரிப்கா எண்டு வச்சாச்சு!" என்று சந்தை முழுக்கக் கேட்கக் கத்தினார். சனூஸா மனதுக்குள் வேறொரு பேர் வைத்திருந்தாள். கூடப்பிறந்த ராத்தா அசனாவின் தலைப்பிள்ளை, தாயின் தங்கச்சி, சாச்சிக்காரியிடம் ஒரு சொல் கேட்டால் என்ன? இரண்டு நாள் மச்சானோடு கதைக்கவில்லை.

அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, அரச பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல், டவுனிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட டிப்ளோமா படித்தாள். காலையில் பஸ் ஏறிப் பாலம் கடந்து போவாள். பின்னேரம் சப்பாத்தெல்லாம் சீமெந்துத் தூசியோடு வருவாள். பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்குக் கல்லும் மண்ணும் என்று ஊர் கேட்டது. அவள் காதிலேயே வாங்கவில்லை.

டிப்ளோமா முடிந்ததும் மாலபேயில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டாள். அங்கே இடம் கிடைப்பது லேசில்லை. டிப்ளோமாக்காரரில் பத்துப் பேரைத்தான் நேரே மூன்றாம் ஆண்டுக்கு எடுப்பார்களாம், புலமைப்பரிசிலோடு. பாடங்களையெல்லாம் ஒத்துக்கொண்டார்கள். வேலைத்தளப் பயிற்சியில் வந்து முட்டிக்கொண்டது. அவளைப் பயிற்சிக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர் பாதியில் வேலையை விட்டுக் கட்டாருக்குப் போய்விட்டார். கடிதம் தர ஆளில்லை. கடிதம் இல்லாவிட்டால் முதலாம் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

"ரெண்டு வருஷமெண்டா போ, மகள்," என்றாள் அசனா. "நாலு வருஷமெண்டா ஏலாது. வீட்டுக்குக் கூரையைப் போட்டு மாப்பிள்ளை பார்க்கிறதுதான்."

வீடென்றால் ரிப்காவின் சீதன வீடு. பெண்பிள்ளை பிறந்தால் வீடு கட்டிக் கொடுத்தே ஆக வேண்டும். அசனாவுக்கும் அப்படித்தான், சனூஸாவுக்கும் அப்படித்தான். ஆனால் தன் சீதன வீட்டுக்குத் தானே பிளான் கீறி, தானே வெயிலில் நின்று கட்டுவித்த பிள்ளை அவர்களுடைய பெரியாற்றுமுனையில் இவள் ஒருத்திதான். மேசன், அசனாவுக்கும் சனூஸாவுக்கும் கூடப்பிறந்த மூத்த காக்கா றுவைஸ். முப்பது வருஷ மேசன். அவருக்கும் மருமகளுக்கும் சண்டை இல்லாத நாளில்லை.

ரிப்கா பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள்: கடிதம் இல்லை, நான் கட்டுவிக்கிற வீடு இருக்கிறது, அதைப் பாருங்கள். பார்க்கிறோம், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் வாருங்கள் என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே சொந்தபந்தம் முழுவதும் கூரையில்லாத வீட்டுக்குள் நின்றது. போன் பிடிக்கிற வேலை சனூஸாவுக்கு. ரிப்காவுக்கு அளவு நாடாவும் சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டும் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே.

"சாச்சி, கை ஆடக்கூடாது."

"நெஞ்சே ஆடுது, கைக்கு நான் என்னடி செய்ய? மற்ற ஆக்களைப் பார். ஒருத்தரும் வாய் திறக்கப்படாது, சொல்லிப்போட்டன்!"

போனில் மூன்று பேர் தெரிந்தார்கள். பேச்செல்லாம் இங்கிலிஷ். சனூஸாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நடுவில் இருந்த கண்ணாடிக்காரரின் முகம் நீண்டுகொண்டு போவது மட்டும் நன்றாக விளங்கியது. அவர் ஏதோ கேட்டார். ரிப்காவின் குரல் இறங்கிப்போனது.

"என்னவாமடி?"

"இதெல்லாம் மேசன் கட்டினது, நீ என்ன செய்தாய் எண்டு கேக்கிறார், சாச்சி."

சுவரோரச் சாரக்கட்டில் நின்ற றுவைஸுக்கு அது பொறுக்கவில்லை. "என்ன செய்தாளா? என்ட குசினிச் சுவரை ரெண்டு தரம் உடைப்பிச்சவள் இவள்!"

சனூஸா பதறிப்போய்ப் போனைத் திருப்பினாள். திருப்பிய பக்கம் றுவைஸ் பக்கமாகவே இருந்தது. உடுத்த சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சாந்துக் கரண்டியும் கையுமாக அவர் போன் நிறைய நின்றார். மூவரில் ஒரு பெண் தமிழில் கேட்டார்: "ஏன் ஐயா உடைச்சீங்க?"

"தூக்குக்குண்டைப் போட்டிட்டு, அரை இஞ்சி சரிவெண்டாள், மிஸ். முப்பது வருஷ மேசனுக்கு! சாந்து பூசினா ஆருக்குத் தெரியும் எண்டன். உடைச்சாத்தான் எழும்புவன் எண்டு வாசலில குந்திக்கொண்டாள். உடைச்சன்."

"ரெண்டாம் தரம்?"

"அப்ப சுவர் நூல் பிடிச்ச மாதிரி நேரா நிண்டது. அதையும் உடை எண்டாள். ஆர்ட பிழையெண்டு அவளிட்டயே கேளுங்க!"

சொல்லாதடி, சொல்லாதடி என்று சனூஸா கண்ணால் கெஞ்சினாள்.

"என்ட பிழை, மிஸ்," என்றாள் ரிப்கா. பிறகு இங்கிலிஷுக்கு மாறினாள். கை காட்டிய இடங்களைப் பார்த்துச் சனூஸா கதையைப் பிடித்துக்கொண்டாள். சமைக்கிற குசினிக்கு மேலே தண்ணீர்த் தொட்டி வருகிறது. அந்தப் பாரத்தை நினைக்காமல் கீழே அகலமான ஜன்னல் கீறிவிட்டாள். சுவரை உடைத்து, ஜன்னலைச் சின்னதாக்கி, ஒரு தூண் ஏற்றினாள். நாளாந்த வேலை எழுதிய கொப்பியை விரித்துக் காட்டினாள். பழைய பிளானின் மேல் சிவப்புப் பேனையால் குறுக்கே கீறி, திகதி போட்டு, "என் பிழை" என்று எழுதியிருந்தது. கண்ணாடிக்காரர் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். அதற்குப் பிறகு கேள்விமேல் கேள்வி. அவளும் கல்லில் கரியால் கணக்குப் போட்டுப் போட்டுக் காட்டினாள். பத்து நிமிஷம் என்றது முக்கால் மணித்தியாலம் ஓடியது.

போன் நின்றதும் அசனா தலையில் கை வைத்தாள். "பிழை செய்தனான் எண்டு ஆரும் வாயால சொல்லுவாங்களா, மகள்?"

றுவைஸ் தேத்தண்ணியைத் தொடவில்லை. "நான்தான் கெடுத்துப்போட்டன்" என்று கல்லின் மேல் இருந்துவிட்டார்.

எட்டாம் நாள் ரிப்கா சந்தியிலிருந்து ஒரு கையில் பல்கலைக்கழகக் கடிதமும் மறு கையில் செருப்புமாக ஓடி வந்தாள். "மூண்டாம் வருஷம்! சாச்சி, நேரா மூண்டாம் வருஷம்!" சனூஸா அவளைக் கட்டிப்பிடித்துச் சுற்றிய சுற்றில் இரண்டு பேரும் மண்குவியலில் விழுந்தார்கள். பிழையைத் தானே கண்டு, தானே திருத்தியதைப் பயிற்சியாக ஏற்றுக்கொள்கிறோம் என்று கடிதத்தில் இருந்தது. றுவைஸ் அந்த வரியை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அப்ப என்ட சுவராலதான் இடம் கிடைச்சது."

"ஓம் மாமா. இல்லாத சுவரால."

ரிப்கா இப்போது மாலபேயில் வேறு இரண்டு பிள்ளைகளோடு ஓர் அறையில் தங்கி, மூன்றாம் ஆண்டில் கட்டடப் பொறியியல் படிக்கிறாள்.