பத்தொன்பது பேர் ஏறிய வேன்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் உதயகுமார் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். டிரம்ஸுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சாஹில் போனை எடுத்து இரண்டு தடவை "ஆங், ஆங்" என்றான். பிறகு கையிலிருந்த குச்சிகளைத் தரையில் வைத்தான். சாஹில் குச்சியைத் தரையில் வைக்கிறவன் இல்லை.

"மச்சான், கஜபதி அண்ணன் பூட்டாரு."

"எங்க?" என்று கேட்டான் உதயகுமார். கேட்கும்போதே அவனுக்குப் புரிந்திருந்தது.

"பூந்தமல்லி ஸ்டாண்டுல நின்னுகினு இருந்தாராம். அப்டியே நெஞ்சப் புடிச்சிகினு உக்காந்தாராம். ஆட்டோல ஏத்தறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்."

உதயகுமார் ஒயரை முழுவதும் சுற்றி முடித்து ஆணியில் மாட்டினான். அதற்குப் பிறகுதான் சுவரோரம் சாய்ந்திருந்த கிடார் பையைப் பார்த்தான். அதன் பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒரு கடிதம் ஆறு வாரமாகக் கிடந்தது.

கஜபதிக்கு ஐம்பத்திரண்டு வயது. திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டிவந்தார். இருபது வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு, கடைசியில் சொந்தமாக வாங்கிய வெள்ளை வேன் அது. பிள்ளைகள் இல்லை. தினமும் காலையில் அவர் மனைவி பொன்னியம்மா முன்கண்ணாடியைப் பழைய வேட்டித் துணியால் துடைத்து, உள்கண்ணாடியில் ஒரு முழம் பூவைத் தொங்கவிட்ட பிறகுதான் வண்டி தெருவை விட்டுக் கிளம்பும். யார் எந்த நிறுத்தத்தில் இறங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியும். இரவுப் பணி முடிந்து தூங்கிக்கொண்டே வருகிற நர்ஸை அவள் இறங்கும் இடத்துக்கு நூறடி முன்னாலேயே ஹாரன் அடித்து எழுப்புவார். அந்த ஹாரன் மற்ற நேரத்தில் அவர் அடிக்கிற ஹாரன் போல இருக்காது.

ஏழு பேருக்குத்தான் பர்மிட். பதினொரு பேர் ஏறுவார்கள். அந்தச் சாலையில் ஓடும் எல்லா வேனிலும் அப்படித்தான். பதினோராவது ஆள் ஏறும்வரை கஜபதி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூவிக்கொண்டே இருப்பார். "இன்னும் ரெண்டு பேரு! மூச்ச இழுத்துக்கோ மாமே, இன்னும் ரெண்டு பேரு!"

கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் உதயகுமார் அந்த வேனில்தான் போனான். படிப்பு முடிந்து, எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சாஹில், ஸ்ரீநாத், ரோஹித்தோடு சேர்ந்து 'மூணாவது கியர்' என்று ஒரு ராக் பேண்ட் ஆரம்பித்தான். இரண்டு வருடம் பெரிய பெரிய துக்கங்களைப் பற்றிப் பாட்டு எழுதினான். ஒருத்தரும் கேட்கவில்லை. ஒருநாள் சலித்துப்போய், விளையாட்டாக, அந்த வேனைப் பற்றி எழுதினான்.

"ஒரு சீட்டுல மூணு பேரு, மடியில ஒரு பேரு,
டோருல தொங்குற நாலு பேருக்கு டிக்கெட்டு யாரு?
ஸ்டெப்னி மேல மாமியாரு, ஸ்டியரிங் மேல யாரு?
மூச்ச இழுத்துக்கோ மாமே, இன்னும் ரெண்டு பேரு!"

கடைசி வரியை கஜபதியின் குரலிலேயே பதிவு செய்வது என்று முடிவானது. சலவை செய்த காக்கிச் சட்டையோடு கொட்டகைக்கு வந்தார். மைக் முன்னால் நின்றதும் குரல் வரவில்லை.

"நைனா, சும்மா நின்னுகினு எப்டிடா கூவறது? வண்டி இல்லாம வாய் தொறக்க மாட்டேங்குது."

மைக்கை நீள ஒயரில் வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எஞ்சினைப் போட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். ஒரே தடவைதான். எஞ்சின் சத்தத்தோடு அதுதான் பாட்டில் இருக்கிறது.

வீடியோவை அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்கள். நண்பர்கள் பத்தொன்பது பேர் நெருக்கியடித்து உள்ளே ஏறினார்கள். கஜபதி சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இத்தினி பேர வெச்சிகினு நான் ஓட்ட மாட்டேன். நின்ன எடத்துலயே எடுத்துக்கோங்க."

"ஓடுற மாதிரி தெரியணுமேண்ணே?"

"பின்னாடி நாலு பேரு நின்னு ஆட்டுங்கடா. நல்லாத்தான் தின்னுகீறீங்க, ஆட்டுங்க."

அப்படித்தான் எடுத்தார்கள். வேன் ஒரு அடிகூட நகரவில்லை. பின்னால் நால்வர் நின்று உலுக்க, உள்ளே பத்தொன்பது பேர் அலறினார்கள்.

பாட்டு வந்த மூன்றாவது வாரம் ஆவடியில் கல்யாண மண்டபங்களில் ஒலித்தது. பட்டாபிராமில் ரயிலுக்குள் கூட்டம் முண்டும்போது யாராவது ஒருவர் "இன்னும் ரெண்டு பேரு" என்று கத்த, பெட்டி முழுவதும் சிரித்தது. கஜபதியின் வேனில் ஏறியவர்கள் அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் மூன்று நாள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டினார். பொன்னியம்மா பார்த்து, "இன்னாயா இது, கண்ணு ஆப்பரேசன் பண்ணிகினு வந்தவன் மாதிரி" என்று சிரித்ததும் கழற்றி வைத்துவிட்டார். உதயகுமார் கம்பெனி வேலையை விட்டான். ஒரு இசை நிறுவனம் அடுத்த பாட்டுக்கு ஒப்பந்தம் போட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு யூடியூப் சேனலில் பேட்டி. கேட்டவர் சிரித்தபடி கேட்டார், "அந்தப் பத்தொன்பது பேரு நெஜமாவா?"

உதயகுமார் யோசிக்கவே இல்லை. "ஷூட்டிங்லாம் இல்லீங்க. அண்ணன் தெனமும் ஏத்துறதே பத்தொம்பதுதான். நாங்க போன் கேமராவ மட்டும் நீட்னோம்."

அரங்கமே சிரித்தது. பாட்டைவிட அந்த நாற்பது விநாடித் துண்டு அதிகம் பரவியது.

ஒன்பதாவது நாள் கரையான்சாவடியில் வேனை நிறுத்தினார்கள். போக்குவரத்து அதிகாரி கத்தவில்லை. தன் போனில் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினார்.

"இது உன் வண்டிதானே?"

"என் வண்டிதான் சார். ஆனா அது ஓடவே இல்ல சார். பசங்க ஆட்டுனாங்க."

சுற்றி நின்றவர்கள் அதற்கும் சிரித்தார்கள். வேன் அன்றே, பிடித்த வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டுக்குப் போனது. பர்மிட்டை நிறுத்திவைத்தார்கள். விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருந்த ஒரு எழுத்தர் இரக்கப்பட்டு வழி சொன்னார். வீடியோ எடுத்த பையன்கள் நால்வரும், அது படப்பிடிப்புதான், வண்டி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். முக்கியமாகப் பேட்டியில் பேசிய பையன் போடட்டும். அது இருந்தால் பேசிப் பார்க்கலாம்.

கஜபதி ஜெராக்ஸ் கடையில் கடிதத்தை டைப் அடித்து எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் முடியும்வரை செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றார். சாஹில் டிரம்மின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். ஸ்ரீநாத்தும் ரோஹித்தும் போட்டார்கள்.

"படிச்சிட்டு போட்டுத் தர்றேண்ணே" என்று உதயகுமார் வாங்கி வைத்துக்கொண்டான்.

"ஒரு கையெழுத்துதான் நைனா."

"தெரியும்ணே. நாளைக்கு குடுக்கறேன்."

படிக்க அதில் ஒன்றுமில்லை, பதினோரு வரி. ஆனால் காலையில்தான் இசை நிறுவனத்திலிருந்து கிருஷ்ணப்பிரியா பேசியிருந்தாள். பேட்டியில் சொன்னது பொய் என்று எழுத்தில் கொடுத்தால் அது ஒரே நாளில் வெளியே வந்துவிடும். இரண்டாவது பாட்டு வருகிற நேரத்தில் ஊரே காறித் துப்பும். பாட்டு வந்த பிறகு எதில் வேண்டுமானாலும் போடுங்கள். இரண்டு வாரம்தானே. உதயகுமாரும் அப்படித்தான் நினைத்தான். வண்டி இரண்டு வாரம் யார்டில் நின்றால் துரு ஏறிவிடாது. பாட்டின் தேதி தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. முதல் விசாரணைக்கு கஜபதி வெறுங்கையோடு போனார். இன்னொரு தேதி கொடுத்தார்கள், வெள்ளிக்கிழமை.

இதற்கிடையில் அவர் பூந்தமல்லி ஸ்டாண்டில் மற்றவர்கள் வேனுக்கு ஆள் கூவி ஏற்றினார். வேலை என்று அதைத்தான் சொல்ல வேண்டும். அவர் குரலைக் கேட்டதும் ஆட்கள் வந்தார்கள், ஆனால் ஏறுவதற்கு அல்ல. போனை நீட்டி, "அண்ணே, ஒரு தபா சொல்லுண்ணே" என்றார்கள். அவர் சொன்னார். சிரித்துவிட்டுப் பேருந்தில் ஏறிப் போனார்கள். நாலாவது நாள் தொண்டை கட்டிக்கொண்டது. ஸ்டாண்டில் வேன் ஓட்டும் லோகநாதன் அவரைத் தனியே கூப்பிட்டான்.

"அண்ணாத்தே, தப்பா நெனச்சிக்காத. நீ இங்க நின்னீன்னா கேமராவத் தூக்கினு வர்றானுங்கோ. எங்க வண்டில எத்தினி பேருன்னும் எண்றானுங்கோ. கொஞ்சம் அப்பால நில்லேன்."

அவர் சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார். அங்கிருந்து கூவினால் இந்தப் பக்கம் கேட்காது. இருந்தாலும் தினமும் போய் நின்றார். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பொன்னியம்மாவைப் பார்க்க வேண்டியிருந்தது. வண்டி இல்லாத வாசலில் அவள் காலையில் பூவை வாங்கிவிட்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பாள்.

ஆறு வாரத்தில் அவர் உதயகுமாருக்குப் பதினேழு தடவை போன் செய்திருந்தார். உதயகுமார் எடுத்தது நான்கு தடவை. ஒருமுறைகூட அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே போட்டுக் கொடுத்திருப்பேன் என்று உதயகுமார் பிறகு பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தான். அதுவும் உண்மையா என்று தெரியவில்லை.

கடைசி அழைப்பு திங்கட்கிழமை மாலை வந்தது. குரல் காற்றாக இருந்தது. யார் என்று முதலில் தெரியவில்லை.

"வெள்ளிக்கெயம நைனா."

"தெரியும்ணே. நாளைக்கு நானே ஸ்டாண்டுக்கு வந்து குடுத்துடறேன். எத்தினி மணிக்கு இருப்பீங்க?"

"நான் எங்க போவப்போறேன்? காலைல எட்டு மணிலேர்ந்து நின்னுகினுதான் கீறேன்."

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு உதயகுமார் வீட்டில் இருந்தான். ஒன்பதரைக்குக் கிளம்பியவன் ஸ்டாண்டுக்குப் போகாமல் கொட்டகைக்கு வந்தான். மதியம் போகலாம் என்று நினைத்தான். பத்து மணிக்குக் கிருஷ்ணப்பிரியாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. இந்த வெள்ளிக்கிழமை பாட்டு வெளியாவது உறுதி.

மறுநாள் திருவேற்காட்டில் கஜபதியின் தெரு முனையில் பதினாலு ஷேர் வேன்கள் வரிசையாக நின்றன. அன்று அந்தச் சாலையில் ஒரு வேனும் ஓடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் அதே காக்கிச் சட்டையில் இருந்தார். பாடை தெருவுக்கு வந்ததும் மேளக்காரர்கள் முதலில் வழக்கமான அடியை அடித்தார்கள். பிறகு லோகநாதன் அவர்களிடம் போய் ஏதோ சொன்னான். அடி மாறியது. நாலே அடியில் உதயகுமாருக்குத் தன் பாட்டு தெரிந்தது. டிரைவர்கள் அழுதுகொண்டே ஆடினார்கள். அந்த வரி வரவேண்டிய இடம் வந்ததும் யாரும் கத்தவில்லை. மேளம் மட்டும் அந்த இடத்தைக் கடந்து போனது.

உதயகுமார் சுவரோரம் கிடார் பையோடு நின்றான். அதை ஏன் கொண்டுவந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. பொன்னியம்மா வாசலில் இருந்தாள். அவனைப் பார்த்ததும் பக்கத்தில் வரச்சொல்லிக் கையசைத்தாள். எல்லார் முன்னாலும் அறையப்போகிறாள் என்று நினைத்து, அதற்கு ஆசைப்பட்டு, அவன் போனான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைல கஞ்சி குடிக்க சொன்னேன். வாணாம்ன்ட்டாரு. உதயா எட்டு மணிக்கு வந்துடுவான், அது கையெழுத்து போட்டுக் கொண்டாருது, லேட்டானா புள்ள காத்துகினு நிக்கும்னு ஓடனாரு. வந்தியா நைனா? உன்னப் பாத்துட்டுத்தான் போனாரா?"

அவன் தலையை அசைத்தான். ஆமாம் என்றுதான் அசைத்தான்.

"அது போதும்" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது பாட்டு வெளியானது. அன்று காலை அலுவலகத்தில் கஜபதியின் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, அடுத்த பெயருக்குப் போனார்கள். வேன் இன்னும் யார்டில் நிற்கிறது. கடிதம் கிடார் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் இருக்கிறது. சாஹிலின் கையெழுத்து, ஸ்ரீநாத்தின் கையெழுத்து, ரோஹித்தின் கையெழுத்து இருக்கின்றன. ஆ. உதயகுமார் என்று டைப் அடித்த இடத்துக்கு மேலே கையெழுத்து இல்லை.