சகலையின் ரிசீவர் அளந்த தூரம்

இது நடந்தது. அப்படியே நடந்தது. என் பேச்சில் எப்போதும் கொஞ்சம் கூட்டல் இருக்கும் என்று தெரிந்தவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள், பிதுக்கட்டும். முப்பத்து நான்கு வருஷம் எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். கடை கடையாக ஏறி, தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் மெழுகுப் பொட்டைக்கூட விரலால் தடவிக் கண்டுபிடித்தவன். ஒரு கிராம் பிசகாமல் வாழ்ந்த அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து, ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அள்ளிவிட ஆரம்பித்தேன். விரல் நீள மீன் என் வாயில் ஆள் உயரம் ஆகும். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட நான் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

நள்ளிரவு, நரி ஊளை, அதெல்லாம் இதில் கிடையாது. பட்டப்பகல். ஜன்னல் திறந்திருந்தது. எதிர்வீட்டில் யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் என் சகலை. பல் மருத்துவர். அவர் வீட்டில் ஒரு அறை முழுக்க ஹோம் தியேட்டர். சுவரில், மூலையில், கூரையில், சோஃபாவுக்குப் பின்னால் என்று எங்கே திரும்பினாலும் ஸ்பீக்கர். ஒன்பது இருந்தன, நான் வெளியில் சொல்லும்போது இருபது. அத்தனைக்கும் எஜமான் ஒரு கறுப்புப் பெட்டி. ரிசீவர். எந்த ஸ்பீக்கருக்கு எந்தச் சத்தம், எவ்வளவு, எப்போது என்று பிரித்துக் கொடுப்பது அதுதான்.

ஞாயிறுதோறும் சொந்தபந்தம் எல்லாம் அங்கே படம் பார்க்கப் போவோம். படத்தின் நடுவே யாராவது வாயைத் திறந்தால் சகலை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "உஷ்ஷ்..." என்பார். நீளமாக, பல்லிடுக்கில் காற்றை விட்டு. பல் டாக்டர் ஆயிற்றே, உடனே எல்லோர் வாயும் மூடிக்கொள்ளும்.

என்னிடம் இருந்தது ஒரு பழைய ரேடியோ. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவர் டேப் ரிக்கார்டர் வாங்கினார், என்னிடம் ரேடியோ இருந்தது. பிறகு அவர் என்னென்னவோ மாற்றிக்கொண்டே போனார், என்னிடம் ரேடியோ இருந்தது. கடைசியில் அதையே எனக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்.

"வாங்க ஓட்டை ரேடியோ. இன்னிக்காவது காது திறக்கட்டும்."

எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவியும்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் பேசுவது இருக்கிறதே...

"படத்துல மழை பெஞ்சப்போ நான் நிஜமாவே குடையைத் தேடினேங்க."

"ம்."

"நம்ம வீட்லயும் சத்தம் வருது. பல்லு கட்டாத கிழவர் பேசற மாதிரி."

பொறாமையா? எனக்கா? வயிற்றில் சின்னதாக ஒரு கங்கு, அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷமாக அது அணைந்துவிடாமல் ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டேன். நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. என் வீட்டில், என் சோஃபாவில் உட்கார்ந்து, அவள் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும், "அக்கா வீட்டைவிட இங்கே நல்லா இருக்கு" என்று. அதற்குப் பிறகு எனக்குக் காது செவிடானாலும் கவலையில்லை.

சகலை போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு. அந்த அறையில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே. நான் அழுதேன், உண்மையாகவே அழுதேன். அழுத கண்ணில் ஒன்று அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் இருந்ததையும் மறைக்கப் போவதில்லை.

நான்கு மாதம் கழித்து அவர் மனைவியே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, அந்தப் பெட்டியையும் முன்னாடி இருக்கிற ரெண்டு ஸ்பீக்கரையும் நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க."

"இருக்கட்டுமே அக்கா, அவர் ஞாபகமா."

"ஞாபகம் எனக்கு நிறையவே இருக்கு. இது வேண்டாம்."

அதற்கு மேல் வற்புறுத்த நான் என்ன முட்டாளா? திங்கட்கிழமை வண்டி வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். வழியெல்லாம் சீட்டி. வந்த கையோடு மனைவி வீட்டார் பதினான்கு பேருக்கும் போன் போட்டு, வருகிற ஞாயிறு படம் எங்கள் வீட்டில் என்று சொல்லிவிட்டேன்.

ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சடங்கு தெரியும். நாம் உட்காரும் இடத்தில், காது வரும் உயரத்தில், ஒரு சின்ன மைக்கை வைக்க வேண்டும். அதன் ஒயரை ரிசீவரில் செருக வேண்டும். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கர் வழியாகவும் "ஊ...ப்" என்று ஒரு சத்தம் அனுப்பும். மைக் அதைக் கேட்கும். மைக் இருக்கும் இடத்துக்கு எந்த ஸ்பீக்கர் எவ்வளவு தூரம் என்று ரிசீவர் தானே கணக்குப் போட்டு, டிவி திரையில் எழுதிக் காட்டும். அதன்பின் அந்த இடத்தில் உட்காருபவருக்குத்தான் ராஜ மரியாதை. சத்தமெல்லாம் அவர் காதைத் தேடி வரும். அளக்கும்போது வீட்டில் வேறு சத்தம் இருக்கக் கூடாது.

பெட்டியோடு மைக் வரவில்லை. ரிசீவர் பழுது பார்க்கும் கடைக்காரர் தன் இழுப்பறையைத் துழாவி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் சோஃபாவில் மூன்று பேர் உட்காரலாம். டிவியைப் பார்த்து உட்கார்ந்தால் வலது ஓரம் நான், இடது ஓரம் மனைவி. நடுவில் செய்தித்தாள், ரிமோட், அவளுடைய கண்ணாடிக் கூடு. மைக்கை என் இடத்தில் வைத்தேன். வேறு யார் இடத்தில் வைப்பேன்?

செவ்வாய்க்கிழமை. மதியம் 2:30. மனைவி தினமும் இரண்டிலிருந்து நான்கு வரை நூலகத்தில் இருப்பாள். வீட்டில் நான் மட்டும். பொத்தானை அழுத்திவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டேன்.

ஊ...ப். இடது.

ஊ...ப். வலது.

திரையில் எண்கள் வந்தன. இடது ஸ்பீக்கர் 3.23 மீட்டர். வலது ஸ்பீக்கர் 3.23 மீட்டர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வலது ஓரத்தில் இருக்கும் மைக்குக்கு இரண்டும் எப்படி ஒரே தூரம் ஆகும்? அளவு டேப்பை எடுத்தேன். வலது 3.04. இடது 3.55. ஒரு இயந்திரத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கும் சுகம் எனக்குச் சாப்பாட்டைவிடப் பெரிது. ஆனால் பழைய ஆய்வாளர் புத்தி விடவில்லை. இந்த அளவு என் இடத்துக்குத் தப்பு என்றால், எந்த இடத்துக்குச் சரி? ஒரு ஸ்பீக்கரிலிருந்து டேப்பையும் இன்னொன்றிலிருந்து அதே நீளத்துக்கு நூலையும் இழுத்துக்கொண்டு போனேன்.

இரண்டும் நடு இருக்கையில் வந்து சந்தித்தன. தலை சாயும் இடத்தில்.

அன்று மாலை படம் போட்டேன். என் இடத்தில் சத்தம் சப்பென்று இருந்தது. மனைவி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா வீட்ல கேட்ட மாதிரியே இருக்குங்க."

"மாதிரியேவா? அதைவிட..."

"மாதிரியே."

போகட்டும், ஞாயிறு வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் அவள் நடுவில் கிடந்த கண்ணாடிக் கூட்டையும் செய்தித்தாளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் எடுத்தே?"

"இடைஞ்சலா இருந்துச்சு."

"யாருக்கு?"

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை. மதியம் 2:35. மைக்கை என் இடத்தில் வைத்து, அசையாமல் இருக்க ஒட்டுநாடாவால் ஒட்டினேன். இம்முறை இடது 3.10. வலது 3.40.

மறுபடி டேப். மறுபடி நூல்.

நடு இருக்கையிலிருந்து நாற்பது சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது. என் மனைவியின் இடத்தை நோக்கி.

நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. ஆத்திரம். என் வீடு, என் சோஃபா, என் மனைவி. ராஜ மரியாதை வேறு யாருக்கோ. சகலை உயிரோடு இருந்தபோதுதான் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் எடுத்துக்கொண்டார் என்றால், இப்போது புதன்கிழமையுமா?

வியாழக்கிழமை ஒரு வேலை செய்தேன். மைக்கைச் சோஃபாவில் வைக்கவே இல்லை. ஒயர் எட்டும் மட்டும் சமையலறைக்குள் இழுத்து, ஒரு தகர டப்பாவுக்குள் போட்டு மூடினேன். இப்போது எதை அளக்கிறாய், பார்க்கலாம்.

2:47.

ஊ...ப். வலது. சரியாகக் கேட்டது.

ஊ...ப். இடது.

இடது பக்கச் சத்தம் மங்கலாக வந்தது. ஸ்பீக்கருக்கு முன்னால் யாரோ கடந்து போனால் மங்குமே, அப்படி.

வாசலில் நின்ற எனக்குத் தும்மல் வந்தது. அடக்கப் பார்த்தேன். முடியவில்லை.

சோஃபாவிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"உஷ்ஷ்..."

நீளமாக. பல்லிடுக்கில்.

சோஃபா காலியாக இருந்தது.

எதிர்வீட்டில் துணி உதறும் சத்தம் மட்டும்... டப். டப்.

திரையைப் பார்த்தேன். இடது 3.04. வலது 3.55.

என் இடத்து அளவு, இடம் வலம் மாறி. டேப் எடுக்கவில்லை. நூல் எடுக்கவில்லை.

அது மனைவியின் இடம்.

நான்கு மணிக்கு அவள் வந்தாள். அங்கே உட்காராதே என்று சொல்ல வாய் வரை வந்தது. காரணம் கேட்டால்?

"பெட்டியில ஏதோ கோளாறு. நான் வர்ற வரைக்கும் தொடாதே."

"எனக்கென்ன வேலை அதுல? நான் புத்தகம் படிக்கப் போறேன்."

டப்பாவிலிருந்து மைக்கை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தேன். கடைக்காரர் அதன் மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் தலைக்கு மேல் சுவர்க் கடிகாரம். மணி 5:20.

"சார், தப்பான ஒண்ணைக் கொடுத்துட்டேன். இது கண்ணாடி அலமாரியில சும்மா காட்டுறதுக்கு வைக்கிறது. உள்ள ஒண்ணுமே கிடையாது."

"இதுக்குக் கேட்காதா?"

"வெறும் கூடு சார். எப்படிக் கேட்கும்?"

"மூணு நாளா தூரம் காட்டுதே."

"அப்போ வேற ஏதாவது மைக் கேட்டிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

5:50க்கு வீட்டுக்குள் நுழைந்தேன். டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் அறையை நிறைத்திருந்தது. மனைவி இடது ஓரத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு.

பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள்.

ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியையும் ஸ்பீக்கர்களையும் சகலை வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்குச் சத்தமே ஆகாது, தம்பி. தலைவலி வந்துடும். அவர் பக்கத்துல நான் ஒரு நாளும் உக்காந்ததில்லை. நீங்கல்லாம் கிளம்பினதும் தனியா உக்காந்து சொல்வார், ஓட்டை ரேடியோவா இருந்தா என்ன, அவன் பக்கத்துல உக்காந்து கேட்க ஒரு ஆள் இருக்குன்னு. உங்க மேல அவருக்கு அப்படி ஒரு புகைச்சல்."

என் மேலா? அவருக்கா? அந்த நிலையிலும் எனக்கு ஒரு கணம் உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்வானேன்.

பிறகுதான் கேட்டேன்.

"அக்கா, இதோட மைக் எங்கே?"

"அவர் போன அன்னிக்கு அவர் சட்டைப் பையில இருந்துச்சு. எடுக்க மனசு வரல. அவரோடயே அனுப்பிட்டேன்."

எப்படி வீடு வந்தேன் என்று நினைவில்லை. மனைவி காலியாக இருந்த மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திருப்பிக் கொடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை யாரும் வர வேண்டாம்னு சொல்லிடு."

"நல்ல ஆளுங்க நீங்க. நேத்து அவ்வளவு ஆசையாக் கேட்டுட்டு, இன்னிக்குத் தூக்கிக் கொடுத்துட்டு வர்றீங்க."

"நான் என்ன கேட்டேன்?"

"படத்தைப் போட்டுட்டு, பக்கத்துல வந்து உக்காந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு, சத்தம் எப்படி இருக்குன்னு கேட்டீங்களே. நான் கண்ணைக்கூடத் திறக்காம பதில் சொன்னேனே."

"என்ன சொன்னே?"

"அக்கா வீட்டைவிட இங்கே நல்லா இருக்குன்னு சொன்னேன். அதைத்தானே இத்தனை வருஷமா எதிர்பார்த்தீங்க?"



"அப்போ... மணி என்ன?"

"கண்ணைத் திறந்தப்போ அஞ்சு இருபது. அதுக்குள்ள எழுந்து போயிட்டீங்க."

உள்ளங்கையைப் புடவைத் தலைப்பில் மெல்லத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க கை ஏங்க அப்படி ஜில்லுன்னு இருந்துச்சு?"